அம்மாவின் சேவைக்காலப் பணத்துக்காக அலைந்தபோது தெரிந்துகொண்டவை

அம்மா 2022 ஆரம்பத்தில் வேலையை நிறுத்தினார். இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கேதான் வேலைக்குப் பேர் போடுகிறார்கள். 1986இல் பதினேழு வயதில் கூடையை மாட்டியவர். முழங்கால் தேய்ந்து, மலையில் ஏறினால் இறங்க முடியாது, இறங்கினால் ஏற முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் நின்றார். வேலையை விட்டு நிற்கும்போது சேவை செய்த வருடங்களுக்காகக் கிடைக்கும் சேவைக்காலப் பணம் வந்தால், நாங்கள் இருக்கும் லயத்துக் காம்பராவின் தகரத்தை மாற்றலாம், அடகில் இருக்கும் தங்கச்சியின் சங்கிலியை மீட்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்துத் தோட்ட ஆபிசுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். அதில் சேவைக்காலம் 25 வருடம் என்று இருந்தது. 36 வருடம் அல்லவா என்று கேட்டதற்கு, "1997க்கு முன்னால் இந்தப் பெயரில் எங்களிடம் ஆள் இல்லை" என்றார் கிளாக்கர். அம்மா அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோட்டத்தில் பலருக்கு இது தெரியாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த எவருக்கும் இந்தப் பணம் சேர வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அடிப்படையில். ஓய்வு வயது வந்து நின்றாலும் சரி, தானாக விலகினாலும் சரி, உரிமை உண்டு. அம்மா நிற்கும்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஆகவே வருடத்துக்கு 14,000. 36 வருடத்துக்கு 504,000. தோட்டம் காட்டிய 25 வருடத்துக்கு 350,000. நடுவில் காணாமல் போனது 154,000 ரூபாய். யாரும் திருடவில்லை, ஏமாற்றவில்லை என்ற மாதிரி, ஒரு பெயரின் பின்னால் அது மறைந்துபோயிருந்தது.

அம்மாவை வீட்டில் கூப்பிடுவது பாப்பாத்தி. 1986இல் கங்காணி செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், எழுதியதும் அதுதான். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இருப்பது வேறு பெயர், அதை இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்தில் அம்மாவிடம் அடையாள அட்டை கிடையாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போன குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று பிரித்த 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்திலும் தாத்தாவின் விண்ணப்பம் எந்தப் பக்கமும் போகாமல் நின்றுவிட்டது. 1988இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் வீட்டில் எல்லாரும் பிரஜை ஆனார்கள். அதற்கும் சில வருடம் கழித்து அடையாள அட்டை வந்தது. 1997இல் அந்த அட்டையைக் காட்டி அம்மா செக்ரோலில் பெயரைத் திருத்திக்கொண்டார். திருத்தினார்கள் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். அவர்கள் செய்தது பழைய பெயரை வெட்டிவிட்டு, புது நம்பரோடு புது ஆளைச் சேர்த்தது. இடையில் 1992இல் தோட்டமும் அரசாங்கத்திடமிருந்து கம்பனி கைக்கு மாறியிருந்தது.

உங்கள் அப்பாவோ அம்மாவோ இன்னும் வேலையில் இருந்தால், தயவுசெய்து இந்த மாதமே ஒரு காரியம் செய்யுங்கள். சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) அட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், ஐந்தையும் ஒரு மேசையில் வைத்துப் பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேலையில் இருக்கும்போது ஒரு கடிதத்தோடு முடியக்கூடிய திருத்தம், நின்ற பிறகு வழக்காக மாறுகிறது. நின்ற நாளிலிருந்து நீங்கள் தோட்டத்துக்கு வெளியாள். பெரிய கிளாக்கர் உங்களுக்காகப் பழைய புத்தகத்தைத் தேடிப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெயர் திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தால், பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே ஆள்தான், சேவை தொடர்ச்சியானது என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை வேண்டாம்.

நீட்டிய தாளுக்குத் திரும்புகிறேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம். நான் கடையில் வேலை செய்வதால் ஓரளவு வாசிப்பேன். முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட மாட்டோம் என்றதும் அந்தக் கிளாக்கர், "அப்போ இந்தக் காசும் இப்போதைக்கு இல்லை" என்றார். இருக்கிற பணத்தையும் தராமல் வைத்துக்கொள்வது எங்களை மடக்குவதற்கான வழி என்று அன்றைக்குப் புரியவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர்கள், கணக்கை ஏற்கவில்லை, மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று தங்கள் மொழியிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, அதன் பிரதியையும் வாங்கிக்கொண்டு பணத்தை எடுக்கலாம் என்று சட்ட உதவியில் எங்களுக்குப் பின்னர் சொன்னார்கள். உங்களுக்குப் புரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்தோ விரலடையாளமோ வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்து நாங்கள் போனது தொழிற்சங்கத்துக்கு. அம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் சந்தா வெட்டியிருக்கிறார்கள், ஆகவே அதுதான் முதல் வாசல் என்று தோன்றியது. சங்கத்தின் தோட்டத் தலைவர், துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். அந்தப் பேச்சு மாதக்கணக்காகப் போனது. சங்கமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சங்கப் பிரதிநிதி ஒருவர் விசாரணையில் பக்கத்தில் இருந்தால் பெரிய பலம், வேறு தோட்டத்தில் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் துரைக்கு எழுதிய கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள். கடிதமே இல்லை என்றால் பேச்சும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு டவுனில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். இருபதாயிரம் கேட்டார். வட்டிக்கு வாங்கிக் கொடுத்தோம். கம்பனிக்கு ஒரு கடிதம் அனுப்பினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு போனால் கோர்ட்டில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். சேவைக்காலப் பணம் தரவில்லை என்று தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்வதற்குச் சட்டத்தரணியே தேவையில்லை, கட்டணமும் இல்லை. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வேலையிலிருந்து அநியாயமாக நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு விடயம். அதற்குத் தொழில் நியாயசபைக்குப் போக வேண்டும், வேலை போன நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள்.

இதெல்லாம் நடந்தது 2022இல் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் இல்லை, பஸ் இல்லை, இருந்தாலும் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அரசாங்க அலுவலகங்களில் பாதிப் பேர்தான் வருவார்கள். அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. ரொட்டி சுடும் கோதுமை மாவின் விலையைப் பார்த்து அம்மா பெருமூச்சு விடும்போதெல்லாம், கம்பனியிடம் கிடக்கும் பணம் ஒவ்வொரு வாரமும் சிறுத்துக்கொண்டே போகிறது என்ற நினைப்பு எனக்குள் எரியும். ஏழைக்குத் தாமதம் என்பதே ஒரு கூலி வெட்டுதான்.

தொழில் அலுவலகத்தைப் பற்றி எனக்குச் சொன்னது கடைக்குச் சாமான் வாங்க வந்த ஓர் ஆசிரியை. முறைப்பாட்டைத் தமிழில் நானே எழுதினேன்: யார், எந்தத் தோட்டம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்தப் பெயரில், எவ்வளவு பணம், அவர்கள் என்ன சொன்னார்கள். ஒரு பக்கம்தான். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன், பைல் இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த இலக்கம் இல்லாமல் போனால் யாரும் உங்களை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். முதல் விசாரணைக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது. பக்கத்து டவுன் பார்மசிக்காரர் வாசித்துச் சொன்னபோது விசாரணைத் திகதி தாண்டியிருந்தது. தமிழ் 1987இலிருந்தே இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறுவது உரிமை. இதைச் சொல்லி ஒரு கடிதம் எழுதியதும் அடுத்த கடிதம் தமிழில் வந்தது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், 1956 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லலாம். விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

சட்ட உதவி ஆணைக்குழு என்று ஒன்று இருப்பதே எனக்கு அந்த அலுவலகத்து வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா சொல்லித்தான் தெரியும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி தருவார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை போன்ற இடங்களில் நிலையங்கள் உண்டு, பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும். போகும்போது அடையாள அட்டை, கிராம சேவகரின் வருமானச் சான்று, கையில் இருக்கும் எல்லாக் காகிதங்களும் கொண்டுபோங்கள். எங்களைப் பார்த்த மிஸ் அம்மாவை உட்காரச் சொல்லி, என்னிடம் இல்லாமல் அம்மாவிடமே முழுக் கதையையும் கேட்டார். இத்தனை மாதங்களில் அம்மாவிடம் நேராகப் பேசிய முதல் உத்தியோகத்தர் அவர்தான். கேட்டு முடித்துவிட்டு, "அம்மா வேலை செய்தது உண்மைதான், அதை நாங்கள் காகிதத்தில் காட்ட வேண்டும்" என்றார். 1992இல் தோட்டங்களை எடுத்த கம்பனிகள் தொழிலாளர்களை அவர்களுடைய பழைய சேவைக்காலத்தோடுதான் எடுத்தன என்பதையும் அவர்தான் சொன்னார்.

காகிதம் தேடினோம். பிஸ்கட் டின் ஒன்றில் பாட்டி சேர்த்து வைத்த சீட்டுகள் இருந்தன. அதில் பழைய பெயரில் 1990ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டு ஒன்று, மடிப்பில் கிழிந்து பாதி எழுத்து போயிருந்தாலும் ஈபிஎஃப் நம்பர் தெளிவாக இருந்தது. எங்களுக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது அந்த நம்பர்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்த நம்பருக்கு எந்தக் காலத்தில் யார் பணம் கட்டினார்கள் என்று தொழில் திணைக்களத்திடம் கேட்டோம். அது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். கடிதம் தமிழில் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. கம்பனி காட்ட மறுத்ததை அரசாங்கத்தின் பதிவேடு காட்டியது: பழைய பெயரில் 1989இலிருந்து அதே தோட்டம் பணம் கட்டியிருந்தது. அதற்கு மேல் என்னுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரம், அதில் பிறந்த இடம் அந்தத் தோட்டம். பென்ஷன் போன கணக்கப்பிள்ளை ஐயா ஒருவரும் தனக்குக் கீழே பாப்பாத்தி என்ற பெயரில் வேலை செய்தவர் இவர்தான் என்று சத்தியக் கடதாசி கொடுத்தார்.

இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று அம்மாவும் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டியிருந்தது. சமாதான நீதவானின் வீட்டு மேசையில் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். அம்மாவின் பெருவிரலை அழுத்தினால் தாளில் விழுந்தது ஒரு கறுப்புத் திட்டு, ரேகையே இல்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனி வழுவழுவென்று தேய்ந்து, குறுக்கே வெடிப்புகள் மட்டும் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தன. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். கடைசியில் இடது கை விரலில் கொஞ்சம் வந்தது. அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை, சவர்க்காரம் கொண்டுவந்து அம்மாவின் கையைக் கழுவ விட்டார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. வேலை செய்தாரா இல்லையா என்பதற்கு அந்த விரலை விடப் பெரிய சாட்சி என்ன வேண்டும் என்று கம்பனி ஆபிசில் போய்க் கத்த வேண்டும் போலிருந்தது.

விசாரணைகள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன. கம்பனிப் பக்கம் ஆள் வரமாட்டார், வந்தால் புத்தகம் கொண்டுவரமாட்டார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நாள் சம்பளம் போகும், அம்மாவுக்குச் சாப்பாடு, பஸ், போட்டோக் கொப்பி. வட்டியையும் சட்டத்தரணிக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் எண்பதாயிரத்துக்கு மேல் எங்களுக்குப் போயிருக்கிறது. ஆனாலும் ஒரு திகதியைக்கூடத் தவறவிடாதீர்கள். அவர்கள் வராததும் நீங்கள் வந்ததும் பைலில் பதியப்படும், பின்னால் அது வேலை செய்யும். முடிந்தால் அன்றைக்கு நடந்ததை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விசாரணை நாளில் கம்பனிப் பிரதிநிதி வெளியே வராந்தாவில் வைத்து, 25 வருடத்துக்கான பணத்தை அடுத்த வாரமே தருகிறோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கிக்குவோம் புள்ள, எனக்கு இனி இந்த ஆபிஸ் ஏற முடியாது" என்றார். அன்றைக்கு இரவு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். நான் வேண்டாம் என்றேன், தங்கச்சி அம்மா பக்கம். அம்மாவின் காலைப் பார்க்கும்போது அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. சட்ட உதவி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் எதையும் திணிக்கவில்லை, ஒரு விடயத்தை மட்டும் விளக்கினார். வேலை நின்று 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகமாகக் கட்ட வேண்டும். அது 10 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 30 வீதம் வரை போகும். ஒரு வருடம் எப்போதோ தாண்டியிருந்தது. இதைச் சொன்ன பிறகு அம்மா ஒரு நாள் யோசித்துவிட்டு, "சரி, போவோம்" என்றார். அது அவர் எடுத்த முடிவாக இருந்ததில்தான் எனக்கு நிம்மதி. பணம் அம்மாவுடையது, உழைப்பும் அம்மாவுடையது. பிள்ளைகள் நியாயத்துக்காகச் சண்டை பிடிக்கிறோம் என்று வயதானவர்களை அவர்கள் விருப்பமில்லாமல் இழுத்துக்கொண்டு அலையக் கூடாது என்று நினைக்கிறேன்.

முடிவில் 33 வருடத்தை ஏற்றுக்கொண்டார்கள். 1986 முதல் 1989 வரை ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்கவில்லை. அந்த மூன்று வருடமும் அம்மா வெயிலிலும் மழையிலும் நின்றது எனக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியும், சட்டத்துக்குத் தெரியவில்லை. 462,000 ரூபாயும் அதற்கு 30 வீதமாக 138,600 ரூபாயும், மொத்தம் 600,600. உத்தரவு வந்தும் கம்பனி கட்டவில்லை. அப்படி நடந்தால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, அபராதத்தை அறவிடுவது போல அறவிட முடியும், அதற்கும் நமக்குச் செலவில்லை. நீதிமன்ற அறிவித்தல் போன பிறகுதான் தவணைகளாகப் பணம் வரத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு வருடம். சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சங்கிலியை மீட்ட அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து அழுதோம். தகரமும் மாற்றிவிட்டோம். ஆனால் 2022இல் வந்திருந்தால் அந்தப் பணத்தில் இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம் என்ற கசப்பு போகவில்லை.

ஈபிஎஃப் இன்னும் முழுதாக முடியவில்லை. சம்பளத்தில் 8 வீதமும் கம்பனி 12 வீதமும் கட்ட வேண்டிய அந்தப் பணம், பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55இலும் வேலையை விட்டால் எடுக்கலாம். புது நம்பரில் இருந்தது வந்துவிட்டது. பழைய நம்பரை இணைக்கச் சத்தியக் கடதாசிகளோடு விண்ணப்பித்திருக்கிறோம், சில மாதங்களுக்குப் பணமே கட்டப்படவில்லை என்பதும் அந்தத் தகவல் பதிலில்தான் தெரிந்தது, அதற்குத் தனி முறைப்பாடு. கம்பனி கட்டும் 3 வீத ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) வேறு நிதியம், அதற்கு வேறு விண்ணப்பம். ஈபிஎஃப் எடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து அதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். பழைய அட்டையில் அம்மா வாரிசாகப் போட்டிருந்தது பாட்டியின் பெயரை, 1989இல் கல்யாணத்துக்கு முன் போட்டது. உங்கள் வீட்டு அட்டைகளிலும் அந்த இடத்தைப் பாருங்கள். செத்துப்போனவரின் பெயர் இருந்தால், ஆள் வேலையில் இருக்கும்போதே தொழில் அலுவலகத்தில் படிவம் வாங்கி மாற்றிவிடுங்கள்.